இருபத்து நான்கு அடி

சென்ற மாதம் எங்கள் கல்லூரியில் விளையாட்டு அறையைத் துப்புரவாக்கியிருக்கிறார்கள். அங்கே இப்போது ஐந்து பயிற்றுவிப்பாளர்கள் இருக்கிறார்கள். ஆளுக்கொரு விளையாட்டு, ஆளுக்கொரு விசில். நான் ஓய்வு பெற்றபோது என் இடத்துக்கு ஐந்து பேரைப் போட வேண்டியிருந்தது என்று சொல்லிக்கொள்வதில் எனக்கு ஓர் அற்ப சந்தோஷம் உண்டு. என் மனைவி பக்கத்தில் இருந்தால், "அஞ்சு வேலையையும் அரைகொறையா செஞ்சேன்னும் சேத்துச் சொல்லுங்க" என்பாள்.

அந்த ஐவரில் மெய்வல்லுநர், அதாவது ஓட்டம் பாய்ச்சல் பிரிவைப் பார்க்கும் கஜன் எனக்குத் தொலைபேசி எடுத்தார்.

"சேர், அலுமாரிக்குள்ள பழைய அறிக்கைக் கொப்பி ஒன்னு கெடச்சிச்சு. அதுல ஒரே போட்டிக்கு ரெண்டு அறிக்கை ஒன்னு மேல ஒன்னா ஒட்டியிருக்கு. மேல உள்ளதுல பிழை உங்களோடதுன்னு இருக்கு. கீழ உள்ளதுல ஒரு புள்ளையோட பிழைன்னு இருக்கு. ரெண்டுலயும் உங்க கையெழுத்து. எது சேர் சரி?"

"மேல உள்ளது" என்றேன்.

"அப்ப கீழ உள்ளத கழட்டிரவா?"

"தொட்டுறாதீங்க" என்றேன். கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. கஜன் பிறகு மெதுவாக, "அப்ப அது என்னன்னு எழுதித் தாங்க சேர். இங்க எல்லாருமே கேக்குறாங்க" என்றார். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நான் நாவலப்பிட்டியில் வளர்ந்தவன். அப்பாவுக்கு ரயில்வேயில் வேலை. பள்ளிக்கூடக் காலத்தில் நான் அறிந்த ஒரே விளையாட்டு கரப்பந்தாட்டம். உயரமும் இருந்தது, கோபமும் இருந்தது. கரப்பந்தாட்டத்தில் பந்தை அடிக்க இரண்டும் உதவின. பயிற்சிக் கல்லூரியில் இரண்டு ஆண்டுகள் இருந்தேன். அங்கே எல்லா விளையாட்டுகளையும் கற்பித்தார்கள். நான் கரப்பந்தை மட்டும் கற்றுக்கொண்டு வெளியே வந்தேன். அந்த இரண்டு ஆண்டுகளைப் பற்றி இதற்கு மேல் சொல்ல எதுவுமில்லை.

கண்டி நகரில் ஒரு கலவன் கல்லூரிக்கு நியமனம் கிடைத்தது. முதல் நாள் அதிபரின் அறைக்குப் போனேன். அதிபர் யாழ்ப்பாணத்துக்காரர். மெலிந்த உருவம், வெளிர் நிறப் பருத்திச் சேலை. அவருடைய அறையில் நல்ல கதிரை ஒன்று இருந்தது. அதில் அவர் உட்கார்ந்து நான் பார்த்ததேயில்லை. எதையும் ஜன்னலோரம் நின்றுதான் வாசிப்பார். கையில் எப்போதும் ஒரு பச்சைப் பென்சில் இருக்கும். பிள்ளைகள் அவருக்கு வைத்திருந்த பெயரும் அதுதான். 'பச்சைப் பென்சில் வருது' என்றால் மைதானம் அடங்கிவிடும்.

"உங்களுக்கு என்ன விளையாட்டு வரும்?"

"கரப்பந்து மிஸ்."

"நல்லது. கரப்பந்தை வைச்சிருங்கோ. அதோட வலைப்பந்து, மெய்வல்லுநர், எல்லேப் பந்து, கிரிக்கெட். பூப்பந்துக்கு ஒரு ரீச்சர் இருக்கிறா, அவ பிரசவ லீவில போறா. அதையும் பாத்துக்கொள்ளுங்கோ."

எனக்குச் சிரிப்பு வந்தது. அவருக்கு வரவில்லை.

வலைப்பந்தைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் ஒரு வளையம் உண்டு, அதில் வலை உண்டு என்பது மட்டுமே. முதல் பயிற்சியில் விசிலை வாயில் வைத்துக்கொண்டு நின்றேன். ஒரு பிள்ளை பந்தை வாங்கி ஒரு கால் எடுத்து வைத்தாள். நான் விசில் ஊதினேன். அணித்தலைவி என் பக்கத்தில் வந்து, மற்றவர்களுக்குக் கேட்காதபடி, "சேர், அந்தக் காலு வைக்கலாம். அடுத்த காலுதான் வைக்கக் கூடாது" என்றாள். அந்த வருடம் முழுக்க அவள் அப்படித்தான் என் மானத்தைக் காப்பாற்றினாள். ஒரு தடவைகூட சத்தமாகத் திருத்தியதில்லை. இப்போது நினைத்தால், என்னிடம் பயின்ற பிள்ளைகள் எனக்குக் காட்டிய மரியாதையில் கால்வாசியை ஆரம்பத்தில் நான் அவர்களுக்குக் காட்டவில்லை.

கிரிக்கெட்டுக்கு வேறு பிரச்சினை. எங்கள் மைதானம் ஒரு பக்கம் சாய்ந்தது. மேட்டுப் பக்கம் அடித்தால் பந்து பாதி வழியில் நின்று திரும்பி வரும். பள்ளத்துப் பக்கம் அடித்தால் வேலியைத் தாண்டி பஸ் போகிற தெருவுக்கு இறங்கிவிடும். குண்டசாலை பஸ்ஸில் ஒரு கொண்டக்டர் இருந்தார். பந்து தெருவில் கிடந்தால் பஸ்ஸை மெதுவாக்கச் சொல்லி, படியில் தொங்கியபடியே குனிந்து எடுத்து மைதானத்துக்குள் வீசுவார். எங்கள் அணியில் யாருக்கும் அவ்வளவு நல்ல கை இருக்கவில்லை. அவருடைய பெயரைக் கேட்காமலே இருந்துவிட்டேன். அவருக்கும் இங்கே ஒரு நன்றி.

இப்போது அறிக்கைக் கொப்பிக்கு வருகிறேன். அது எங்கள் அதிபரின் ஏற்பாடு. எந்தப் போட்டிக்குப் போனாலும், வென்றாலும் தோற்றாலும், திங்கட்கிழமை முதல் மணி அடிக்க முன்னர் ஒரு பக்க அறிக்கை அவர் கைக்கு வர வேண்டும். ஐந்து கேள்விகள்: யார் போனார்கள், என்ன நடந்தது, எது பிழைத்தது, பிழை யாருடையது, இனி என்ன செய்யப் போகிறோம். ஜன்னலோரம் நின்று வாசிப்பார். தேவையில்லாத சொல்லைப் பச்சைப் பென்சிலால் வெட்டுவார். நான் ஒரு தடவை 'எமது வீரர்கள் சிங்கமெனப் போராடியும்' என்று எழுதியிருந்தேன். சிங்கத்தை வெட்டிவிட்டார். பிறகு அந்தத் தாளைப் பெரிய கொப்பியில் ஒட்டுவார். ஏசவே மாட்டார். ஆனால் நான்காவது கேள்விக்கு வந்ததும் தலையை நிமிர்த்தி என்னை ஒரு தரம் பார்ப்பார். அவ்வளவுதான்.

நான்காவது கேள்விக்கு நான் எழுதிய பதில்களில் பெரும்பாலும் ஏதோ ஒரு பிள்ளையின் பெயர்தான் இருந்தது. அதை அப்போது நான் கவனிக்கவில்லை.

நஸ்ரீன் எங்களிடம் ஓட வந்தபோது அவளுக்குப் பதினாறு வயதிருக்கும். குண்டசாலையில் வீடு. அவளுடைய வாப்பாவுக்கு நகரத்தில் ஒரு சந்துக்குள், மாடியில், தையல் கடை. முழுக்கைச் சட்டை, நீளக் காற்சட்டை, தலையில் இறுக்கிக் கட்டிய துணி. வெறுங்காலில் ஓடுவாள். எங்கள் பிள்ளைகள் எல்லோரும் அப்போது வெறுங்காலில்தான் ஓடினார்கள். அவள் ஓடினால் பார்ப்பதற்கு அவசரம் எதுவும் தெரியாது. ஆனால் பக்கத்தில் ஓடுகிறவர்கள் ஒவ்வொருவராகக் காணாமல் போவார்கள்.

அவளுக்கு விளையாட்டு ஆசிரியையாக வர ஆசை. வாப்பாவுக்கு முழுச் சம்மதம் இல்லை, முழு மறுப்பும் இல்லை. அவரை ஒரு தடவை கல்லூரி வாசலில் கண்டபோது என்னிடம் சொன்னார்: "மாஸ்டர், புள்ள ஓடட்டும். எனக்கு அதுல ஒன்டுமில்ல. ஆனா நாலு பேருக்கு முன்னால அவட பேரு கெடக் கூடாது. அப்புடி ஏதும் வந்தா அன்டையோட நிப்பாட்டிருவேன்."

"அது என் பொறுப்பு" என்று வாக்குக் கொடுத்தேன். யோசிக்காமலே கொடுத்த வாக்கு.

அந்த வருடம் ஆளுக்கு நூறு மீற்றராக நால்வர் ஓடும் எங்கள் அஞ்சலோட்ட அணி நன்றாக அமைந்துவிட்டது. மூன்றாவது ஓட்டக்காரி பவானி, கடைசி நஸ்ரீன். இதில் கோல் மாற்றுவதுதான் எல்லாம். வாங்குகிறவள் திரும்பிப் பார்த்துக்கொண்டு ஓட முடியாது. அதனால் அவள் நிற்கிற இடத்துக்குப் பின்னால் குறிப்பிட்ட தூரத்தில் தரையில் ஓர் அடையாளம் வைப்போம். கோலோடு வருகிறவள் அந்த அடையாளத்தைத் தாண்டியதும் வாங்குகிறவள் முன்னே திரும்பி முழு வேகத்தில் கிளம்பிவிட வேண்டும். பின்னால் வருகிறவள் எட்டிப் பிடித்து கையில் கோலைத் தருவாள். இது முழுவதும் குறித்த இருபது மீற்றருக்குள் முடிய வேண்டும். இப்போது முப்பதாக்கிவிட்டார்கள். அப்போது இருபதுதான். அதற்கு வெளியே கோல் கை மாறினால் அணி முழுக்க வெளியே.

அந்த அடையாளத் தூரத்தைப் பிள்ளைகள் தங்கள் பாதத்தாலேயே அளப்பார்கள். குதிகாலுக்கு முன் விரல், விரலுக்கு முன் குதிகால் என்று அடியடியாக வைத்து எண்ணுவது. ஒவ்வொருத்திக்கும் ஓர் எண். பல வாரம் ஓட விட்டுப் பார்த்து நஸ்ரீனுக்கு இருபத்து நான்கு என்று கண்டுபிடித்தோம். எங்கள் மைதானத்தில் அந்த இடத்தில் ஒரு கூரை ஓட்டுத் துண்டை நிலத்தோடு புதைத்தோம். பிறகு ஒவ்வொரு நாளும் எண்ண வேண்டிய தேவை இருக்கவில்லை.

வலயமட்டப் போட்டிக்கு நான்கு நாள் இருக்கும்போது கட்டாரிலிருந்து பழைய மாணவர் ஒருவர் அனுப்பிய பெட்டி வந்தது. உள்ளே ஆணி வைத்த ஓட்டச் சப்பாத்துகள். பிள்ளைகள் அவற்றை மடியில் வைத்துத் தடவிப் பார்த்தார்கள். நானும் தலைகால் புரியாமல்தான் நின்றேன். எங்கள் கல்லூரிக்கு ஆணிச் சப்பாத்து! நஸ்ரீனுக்குக் கிடைத்தது ஓரளவு பெரிது. முன்பக்கம் பஞ்சு அடைத்தோம். மூன்று நாள் அதைப் போட்டுக்கொண்டு ஓட்டுத் துண்டை அடையாளமாக வைத்துப் பழகினார்கள். கோல் மாற்றம் எண்ணெய் போட்ட மாதிரி நடந்தது.

போட்டி நாளில் நஸ்ரீனின் வாப்பா வந்திருந்தார். கடையைப் பூட்டிவிட்டு முதல் தடவையாக மகள் ஓடுவதைப் பார்க்க வந்தவர், நான்கு பிள்ளைகளுக்கும் நான்கு சோற்றுப் பார்சல் கொண்டுவந்திருந்தார். வேலிக்கு அப்பால், பை கையில் தொங்க, நின்றார். நான் கையை ஆட்டினேன்.

பிள்ளைகள் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு தத்தம் இடங்களுக்குப் போனார்கள். எண்ணி அடையாளம் வைத்தார்கள். வெடி வெடித்தது. முதல் மாற்றத்திலும் இரண்டாவது மாற்றத்திலும் கை எட்டுவது கொஞ்சம் கஷ்டமாக இருந்தது. பதற்றம் என்று நினைத்தேன். பவானி முதலாவதாக வளைவைச் சுற்றி வந்தாள். நஸ்ரீன் கிளம்பினாள். பவானி இன்னும் தூரத்தில் இருக்கும்போதே கிளம்பிவிட்டது என் கண்ணுக்கே தெரிந்தது. பவானி கையை நீட்டி நீட்டி ஓடினாள். கோல் கைக்குப் போனபோது இருவரும் கோட்டைத் தாண்டி இரண்டு மூன்று எட்டு வைத்திருந்தார்கள். நடுவர் கொடியை உயர்த்தினார். நஸ்ரீன் அது தெரியாமல் ஓடி முதலாவதாக முடித்து, சிரித்துக்கொண்டே திரும்பினாள்.

அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் எனக்கு எங்கிருந்து அவ்வளவு கோபம் வந்ததோ. மைதானத்துக்குள் போய், மூன்று மொழி பேசுகிறவர்களும் கூடியிருந்த இடத்தில் கத்தினேன்.

"கண்ணு தெரியலயா உனக்கு? எத்தன தடவ சொன்னேன், முந்தாத, முந்தாதன்னு! நாலு பேரு உழைப்ப ஒருத்தி நாசமாக்கிட்டியே!"

"சேர், நான் இருபத்தி நாலுதான் வெச்சேன்" என்றாள்.

"வாய் பேசாத!"

அவள் குனிந்து சப்பாத்தைக் கழற்றினாள். வாப்பா வேலியைச் சுற்றி உள்ளே வந்தார்.  மூன்று பார்சலை மற்றப் பிள்ளைகளிடம் கொடுத்தார். நாலாவதைப் பையிலேயே வைத்துக்கொண்டு மகளைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்.

திங்கட்கிழமை அறிக்கை எழுதினேன். பிழை யாருடையது? 'கடைசி ஓட்டக்காரி நஸ்ரீன், அடையாளத்தைக் கவனிக்காமல் முந்திக் கிளம்பியமை.' அதிபர் ஜன்னலோரம் நின்று வாசித்தார். நான்காவது கேள்வியில் நிமிர்ந்து பார்த்தார். ஒட்டினார்.

செவ்வாய்க்கிழமை என் மேசையில் ஒரு பை இருந்தது. உள்ளே துடைத்துச் சுத்தமாக்கிய சப்பாத்து. பஞ்சுகூட மடித்து வைத்திருந்தது. நஸ்ரீன் இனிப் பயிற்சிக்கு வர மாட்டாள் என்று பவானி சொன்னாள். சொன்னவள் போகாமல் நின்றாள்.

"சேர், அவ எண்ணுனப்ப நான் பக்கத்துலதான் இருந்தேன். வாய்க்குள்ள நானும் சேந்து எண்ணுனேன். இருபத்தி நாலுதான் சேர். கூடவும் இல்ல, கொறயவும் இல்ல."

எனக்கு மறுபடியும் கோபம் வந்தது. சரி, இதை ஒரேயடியாக முடித்துவிடுவோம் என்று சப்பாத்தை எடுத்துக்கொண்டு பவானியோடு மைதானத்துக்கு இறங்கினேன். நஸ்ரீன் நிற்கிற கோட்டிலிருந்து ஓட்டுத் துண்டை நோக்கி, சப்பாத்துகளைக் கையால் ஒன்றன்முன் ஒன்றாக வைத்து, முழங்காலில் ஊர்ந்தேன். பவானி எண்ணினாள். இருபதாவது அடியில் ஓடு கைக்கெட்டும் தூரத்தில் வந்துவிட்டது. இருபத்தொன்றில் சப்பாத்து ஓட்டைத் தாண்டியது. இன்னும் மூன்று மிச்சம்.

பவானி எண்ணுவதை நிறுத்திவிட்டாள். நான் திரும்பப் போய் மறுபடியும் ஊர்ந்தேன். மறுபடியும் அதே இருபத்தொன்று.

அப்படியே புல்லில் உட்கார்ந்துவிட்டேன். இருபத்து நான்கு என்பது வெறுங்காலின் கணக்கு. ஓட்டைப் புதைத்தது வெறுங்காலால் எண்ணி. சப்பாத்து வந்த பிறகு எங்கள் மைதானத்தில் யாரும் எண்ணவேயில்லை, ஓட்டைப் பார்த்தே ஓடினோம். வேறு மைதானத்தில், பெரிய சப்பாத்தைப் போட்டுக்கொண்டு, பழைய எண்ணை எண்ணச் சொல்லி அனுப்பியவன் நான். பிள்ளை சொன்னதைச் சொன்னபடி செய்தாள். அடையாளத்தைச் சரியாகக் கவனித்து, சரியான கணத்தில் கிளம்பினாள். அடையாளம்தான் இருக்க வேண்டிய இடத்தில் இல்லை. கோல் வாங்கிய மற்ற இருவருக்கும் சப்பாத்து கிட்டத்தட்டப் பொருந்தியதால் அவர்கள் தட்டுத்தடுமாறித் தப்பிவிட்டார்கள்.

அன்று பின்னேரமே தையல் கடைக்குப் படியேறினேன். வாப்பா இயந்திரத்தில் இருந்தார், கழுத்தில் அளவு நாடா. நஸ்ரீன் மூலையில் இருந்து ஒரு சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் எழுந்து நின்றாள். பிறகு, எதற்கு எழுந்தோம் என்று நினைத்தவளைப் போலத் திரும்ப உட்கார்ந்தாள்.

"வாங்க மாஸ்டர், இரிங்க" என்று வாப்பா கதிரையை இழுத்துப் போட்டார். நான் நின்றபடியே சப்பாத்தைக் காட்டி நடந்ததைச் சொன்னேன். அவர் தைப்பதை நிறுத்தினார். மகளைக் கூப்பிட்டு, தரையில் காலை வைக்கச் சொல்லி, பாதத்தை அளந்தார். சப்பாத்தை அளந்தார்.

"கால் ஒம்பது இன்ச். சப்பாத்து பத்தரை" என்றார். "ஒன்டுக்கு ஒன்டரை இன்ச் கூட. இருபத்தி நாலு தரம்..." அவருக்குத் தாள் தேவைப்படவில்லை. "முப்பத்தாறு. யா அல்லாஹ், ஒரு யார், மூனு அடித் துணி அளவு மாஸ்டர்! ஒரு யார் மிஞ்சினா நான் ஒரு புள்ளச் சட்டையே தெச்சிருவேனே."

"பிழை என்னோடதுங்க. நஸ்ரீன், என்ன மன்னிச்சிரும்மா" என்றேன்.

நஸ்ரீன் பொத்தானைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வாப்பா நாடாவை விரலில் சுற்றினார்.

"மாஸ்டர், நீங்க வந்தது பெரிய விசயம். மனசுக்கு சந்தோசம். ஆனா ஒன்டு செல்றேன், கோவிக்க வேணாம். நீங்க ஏசினது ஊருக்கே கேட்டிச்சு. இது என்ட கடைக்குள்ள மட்டும் கேட்டாப் போதுமா?"

படியிறங்கினேன். அப்போது நான் அம்பிட்டியவில் அறை எடுத்திருந்தேன். பஸ் ஏறாமல் அந்த ஏற்றம் முழுவதையும் நடந்தேன். உண்மையைச் சொல்கிறேன். வழியெல்லாம் நான் நஸ்ரீனைப் பற்றி யோசிக்கவில்லை. என்னைப் பற்றித்தான் யோசித்தேன். ஐந்து விளையாட்டுக்கு ஒருவன். கரப்பந்து பையன்களை ஒரு பார்வையால் நிறுத்துகிறவன். அளக்கத் தெரியாதவன் என்று பெயர் வந்துவிட்டால் நாளைக்கு யார் என் பேச்சைக் கேட்பார்கள்? வீட்டு வாசலுக்கு வந்தபோதுதான், அந்த மனிதர் எந்தப் பயத்தை மகளுக்காகப் பட்டாரோ அதே பயத்தைத்தான் நான் எனக்காகப் படுகிறேன் என்று உறைத்தது. நான்கு பேருக்கு முன்னால் பேர் கெடுவது. அவளுக்கு அது நடந்து முடிந்துவிட்டது. செய்தவன் நான்.

மறுநாள் காலையில் இன்னோர் அறிக்கை எழுதிக்கொண்டு அதிபரிடம் போனேன். நின்று வாசித்தார். ஒரு சொல்லையும் வெட்டவில்லை. அது எனக்கு முதல் தடவை.

"முன்ன எழுதினத கழட்டிரலாமா மிஸ்?"

"ஏன்? உதுவும் நீங்கள் எழுதினதுதானே. கிடக்கட்டும். இதை மேல ஒட்டுங்கோ." பசைப் போத்தலை என் பக்கம் தள்ளினார். அதுவரை அவரேதான் ஒட்டுவார். அன்று என்னை ஒட்டச் சொன்னார்.

"மிஸ், காலைக் கூட்டத்துல நான் கொஞ்சம் பேசணும்."

என்னைப் பார்த்தார். நான்காவது கேள்விக்குப் பார்க்கிற அதே பார்வை. "வெள்ளிக்கிழமை ரெண்டு நிமிசம் தாறன். சோடினை ஒண்டும் வேண்டாம். நடந்ததைச் சொல்லுங்கோ."

வெள்ளிக்கிழமை மேடையில் ஏறினேன். ஒரு கையில் சப்பாத்து, மறு கையில் நஸ்ரீனின் பாத அளவுக்கு வெட்டிய மட்டை. இரண்டையும் ஒன்றோடொன்று சேர்த்துப் பிடித்துக் காட்டினேன்.  

"போன கிழமை நம்ம அணி வெளியேறினதுக்கு நஸ்ரீன் காரணம்னு மைதானத்துல வச்சு ஏசினேன். அது பொய். அவ நான் சொன்னபடி செஞ்சா. நான் தப்பா அளக்கச் சொன்னேன். அவகிட்டயும் அவ வாப்பாகிட்டயும் உங்க எல்லாருக்கும் முன்னால மன்னிப்புக் கேக்குறேன்."

பின்வரிசையில் கரப்பந்து பையன்கள் சிலர் சிரித்தார்கள். பயந்தபடியே நடந்தது. ஆனால் அந்தச் சிரிப்பு இரண்டு கணத்துக்கு மேல் நிற்கவில்லை. அதுவும் நான் பயந்த அளவுக்கு வலிக்கவில்லை. வாசலருகே கழுத்தில் அளவு நாடாவோடு ஒருவர் நின்றுகொண்டிருந்தார். கூட்டம் கலைவதற்குள் போய்விட்டார், கடை திறக்க நேரமாகியிருக்கும்.

நஸ்ரீன் திங்கட்கிழமை பயிற்சிக்கு வந்தாள். வந்தாளே தவிர என்னோடு பேசவில்லை. சொன்னதைச் செய்தாள், போனாள். பேச்சை எதிர்பார்க்கும் உரிமை எனக்கு இல்லை என்று இருந்தேன். மூன்று வாரம் கழித்து ஒரு பொட்டலத்தைக் கொண்டுவந்து நீட்டினாள்.

"வாப்பா தந்தார் சேர்."

உள்ளே தையல்காரரின் அளவு நாடாக்கள் நான்கு, நுனியோடு நுனி சேர்த்துத் தைத்து ஒரே நீள நாடாவாக்கியிருந்தது. ஒவ்வோர் ஓட்டக்காரிக்கும் உரிய தூரத்தில் ஒவ்வொரு நிற நூலால் ஒரு முடிச்சு. நஸ்ரீனுக்குச் சிவப்பு.

"இனி யாரும் அடி வெச்சு எண்ணத் தேவல்லயாம்" என்றாள். பிறகு, "ஏசவும் தேவல்லயாம்" என்றாள். அது வாப்பா சொன்னதா, அவளே சேர்த்ததா தெரியாது. நான் சிரித்தேன். அவளும் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தாள்.

அடுத்த வருடம் அதே அணி வலயத்தில் இரண்டாவதாக வந்தது. மாகாணத்துக்குப் போய் ஐந்தாவதாக வந்தது. கேடயம் எதுவும் இல்லை. ஆனால் மூன்று மாற்றமும் கோட்டுக்குள் சுத்தமாக நடந்தன. நஸ்ரீன் கல்வியியற் கல்லூரிக்குப் போனாள், விளையாட்டு ஆசிரியையானாள், நடுவர் பரீட்சையும் எழுதினாள். அன்றைய பார்சல் சோற்றைப் பற்றி வாப்பாவிடம் ஒரு நாள் கேட்டேன். நாலாவதைத் தானே வீட்டில் சாப்பிட்டதாகவும் அது தொண்டையில் இறங்கவில்லை என்றும் சொன்னார். சொல்லிவிட்டு எனக்கு இரண்டு சட்டை தைத்துக் கொடுத்தார். அளவு பிசகவில்லை.

என் கடைசி வலயப் போட்டி ஓய்வுக்கு இரண்டு மாதம் முன்னர் நடந்தது. அஞ்சலோட்டம் தொடங்கப் போகும்போது மூன்றாவது மாற்றத்துக்கு நடுவராக வெள்ளைத் தொப்பியோடு வந்து நின்றது நஸ்ரீன். என்னைக் கண்டும் காணாதவள் போல நின்றாள். நடுவர் அப்படித்தான் நிற்க வேண்டும். என் பிள்ளைகள் நாடாவை விரித்து, முடிச்சைப் பார்த்து அடையாளம் வைத்தார்கள். நாடா அதே நாடா, முடிச்சுகள்தான் வருடத்துக்கு வருடம் மாறின.

ஓட்டம் தொடங்கியது. இரண்டு மாற்றமும் நன்றாக நடந்தது. மூன்றாவதில் கடைசி ஓட்டக்காரி தர்ஷினி கிளம்பினாள், ஓடினாள், கோலை வாங்கினாள். நஸ்ரீன் கொடியை உயர்த்தினாள்.

என் அணிக்கு எதிராக, என் கடைசிப் போட்டியில், தயங்காமல் உயர்த்தினாள்.

நான் மைதானத்துக்குள் நடந்தேன். என் குணம் தெரிந்த மற்றப் பயிற்றுவிப்பாளர்கள் பேச்சை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். தர்ஷினி கோலைப் பிடித்தபடி நின்றாள். கண் நிறைந்திருந்தது. அவளிடம் போய்க் கேட்டேன்.

"அளவு எப்படி வச்சோம்மா? நாடாவ நான் சரியா புடிச்சேனா?"

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். 

"அளவு சரி சேர். நான்தான் முந்திட்டேன்."

எத்தனையோ வருடங்களாக எத்தனையோ பிள்ளைகளிடம் கத்திக் கத்திக் கேட்ட வாக்குமூலம். யாரும் கேட்காமல், பயமில்லாமல், தானாகச் சொன்னாள். அவள் தோளில் தட்டி, "பரவால்ல, போய்த் தண்ணி குடி" என்றேன்.

நஸ்ரீன் கொடியைச் சுருட்டிக்கொண்டு பக்கத்தில் வந்தாள்.

"சேர், அறிக்கைல என்ன எழுதப் போறீங்க?"

"யோசிக்கணும்" என்றேன். அதிபர்கள் மாறியும் அந்த ஐந்து கேள்விகளை நான் விடவில்லை என்பது அவளுக்குத் தெரியும்.

"நாலாவது கேள்விக்கு அந்தப் புள்ள சொன்னதையே எழுதுங்க. ஆனா அவவாவே சொன்னா என்டும் சேத்து எழுதுங்க."

அப்படியே எழுதினேன். கஜன், கொப்பியின் கடைசிப் பக்கத்தைப் பாருங்கள், இருக்கும்.